இடுப்புக்குப் பலம் தரும் ஆறு அடிப்படைகள்: பிலாட்டீஸ் ஓர் அறிமுகம்

1917ஆம் ஆண்டு. கோல சிலாங்கூர் வட்டாரத்தில், பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைக் கன்றுகளை நட்டுக்கொண்டிருந்தார். அதே ஆண்டில், ஐரிஷ் கடலில் இருக்கும் மேன் தீவின் நாக்கலோ முகாமில், ஜோசப் பிலாட்டீஸ் என்ற ஜெர்மானியர் முள்வேலிக்குள் அடைபட்டிருந்தார். முன்னவர் நட்ட செம்பனை இந்த வட்டாரத்துத் தமிழர்களின் முதுகுக்குப் பல தலைமுறை வேலையைக் கொடுத்தது. பின்னவர் வகுத்த பயிற்சி அதே முதுகுக்கு இன்று உதவக்கூடியது. நகரத்து ஸ்டூடியோக்களில் பளபளக்கும் இயந்திரங்களோடு காட்டப்படுவதால் அது வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உண்மையில் அதன் உயிர் இயந்திரத்தில் இல்லை. ஆறு அடிப்படைகளில் இருக்கிறது. அந்த ஆறையும் ஒரு பாய் விரிக்கும் இடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

பாசிர் பெனம்பாங்கிலிருந்து வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரைக்கும், கிழக்கே ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வரைக்கும் இடுப்பு வலி இல்லாத வீடு அரிது. பால்மரம் வெட்டிய காலத்தில் குனிந்து உளி பிடித்ததும், காண்டா வாளியில் பால் சுமந்ததும் இன்றைய தாத்தா பாட்டிகளின் தோளிலும் இடுப்பிலும் தங்கிவிட்டன. செம்பனையில் நீண்ட கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்துக் குலை வெட்ட வேண்டும். 15, 20 கிலோ எடையுள்ள குலையைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். உதிரிப்பழம் பொறுக்க நாள் முழுக்கக் குனிய வேண்டும். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். லயத்து வீட்டிலிருந்து தாமானுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்சாலையில் நிற்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள், கணினி முன் உட்கார்கிறார்கள், ஆற்றோரக் கடல் உணவுக் கடைகளில் மீனும் இறாலும் கழுவுகிறார்கள். வேலை மாறினாலும் வலி மாறவில்லை. முன்பு பாரம் தூக்கி வந்தது, இப்போது அசையாமல் இருந்து வருகிறது.

யார் இந்த பிலாட்டீஸ்?

ஜோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜெர்மனியின் மன்ஷென்கிளாட்பாக் நகரில் பிறந்தார். நோஞ்சான் பிள்ளை. ஆஸ்துமா, எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ், மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வாட்டின. உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தில் ஜிம்னாஸ்டிக், குத்துச்சண்டை என்று ஒவ்வொன்றாகப் பழகினார். முதல் உலகப் போருக்கு முன் இங்கிலாந்து போனார். போர் மூண்டதும் அங்கிருந்த ஜெர்மானியர்களைப் பிரிட்டிஷ் அரசு எதிரி நாட்டவர் என்று சிறைவைத்தது. அப்படித்தான் நாக்கலோ முகாமுக்கு வந்தார். உச்ச காலத்தில் அங்கே 23,000 பேருக்கு மேல் அடைபட்டிருந்தனர்.

முகாமில் படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களின் கட்டிலில் ஸ்பிரிங்குகளை மாட்டி, படுத்தபடியே கைகால்களை இழுத்துப் பயிற்சி செய்ய வைத்தார் என்று அவர் வழிவந்த ஆசிரியர்கள் சொல்வார்கள். இன்று ரிஃபார்மர், கெடிலாக் என்ற பெயர்களில் இருக்கும் கருவிகள் எல்லாம் ஸ்பிரிங்கின் இழுவிசையை நம்பியவையே. ஆனால் முகாமில் அவருக்குப் பெரும்பாலும் இருந்தது தரையும் தன் உடம்பும்தான். தரைப் பயிற்சிகள் அந்த நெருக்கடியில் வளர்ந்தவை.

1926 வாக்கில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க்கின் எட்டாவது அவென்யூவில் மனைவி கிளாராவோடு பயிற்சிக்கூடம் நடத்தினார். அக்கம்பக்கத்தில் நடனப் பள்ளிகள் இருந்தன. காலில் அடிபட்ட, முதுகு பிடித்த நடனக் கலைஞர்கள் அவரிடம் வரத் தொடங்கினார்கள். பாலே உலகின் ஜார்ஜ் பலன்ஷின், நவீன நடனத்தின் மார்த்தா கிரஹாம் இருவருமே தங்கள் ஆட்களை அவரிடம் அனுப்பினார்கள். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் கான்ட்ராலஜி. 1945இல் வெளியிட்ட நூலில் 34 தரைப் பயிற்சிகளைப் படங்களோடு விளக்கினார். 1967இல், 83 வயதில் காலமான பிறகே அவர் பெயர் அந்த முறைக்கு நிலைத்தது.

ஒரு தகவலை இங்கே தெளிவாக்கிவிட வேண்டும். ‘பிலாட்டீஸின் ஆறு கொள்கைகள்’ என்று எல்லாப் பயிற்சிக்கூடங்களிலும் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலை அவர் எழுதவில்லை. ஃபிலிப் ஃப்ரீட்மன், கெயில் ஐஸன் என்ற இருவர் 1980இல் எழுதிய நூலில்தான் மையம், கவனம், கட்டுப்பாடு, துல்லியம், மூச்சு, ஓட்டம் என்று ஆறாகத் தொகுத்தார்கள். கருத்துகள் ஜோசப் பிலாட்டீஸுடையவை, பட்டியல் இவர்களுடையது. கற்றுக்கொள்ள வசதியான பட்டியல் என்பதால் இந்த அத்தியாயமும் அதையே பின்பற்றுகிறது. வரிசை மட்டும் வேறு. தொடக்கநிலையில் இருப்பவருக்கு எது முதலில் பிடிபடுமோ அது முதலில் வருகிறது. ஒவ்வோர் அடிப்படைக்கும் ஒரு பயிற்சி உண்டு.

1. மூச்சு

பெரும்பாலோர் பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கிவிடுகிறார்கள். அடக்கினால் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், அதோடு ரத்த அழுத்தமும் சட்டென்று ஏறும். மலேசியச் சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி பெரியவர்களில் 29.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. ஆகவே இந்தப் பழக்கத்தை மாற்றுவதே முதல் பாடம்.

பிலாட்டீஸில் மூக்கால் இழுத்து வாயால் விடுவது வழக்கம். இழுக்கும்போது வயிறு பந்தாக உப்பக்கூடாது, தோள் காதை நோக்கி ஏறவும் கூடாது. விலா எலும்புகள் இரு பக்கமும், முதுகுப் பக்கமும் விரிய வேண்டும். வயிற்றுத் தசைகள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நுரையீரல் நிறைய இதுவே வழி. முயற்சி தேவைப்படும் கட்டத்தில் மூச்சை வெளியே விட வேண்டும் என்பது பொது விதி.

பயிற்சி: நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு துண்டை விலாவைச் சுற்றி முதுகுப் பக்கமாகப் போட்டு, இரு முனைகளையும் முன்னால் குறுக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சை இழுக்கும்போது துண்டு பக்கவாட்டில் இறுகுவது தெரியும். விடும்போது துண்டை மெல்ல இழுத்து விலாவை ஒடுங்கச் செய்யலாம். எட்டு முறை போதும். தலை சுற்றினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள், நிறுத்திவிட்டு வழக்கம்போல் மூச்சு விடலாம்.

2. மையம்

விலாவின் அடியிலிருந்து இடுப்பு எலும்பு வரைக்கும் உள்ள பகுதியை ஜோசப் பிலாட்டீஸ் பவர்ஹவுஸ் என்றார். எல்லா அசைவும் அங்கிருந்து கிளம்ப வேண்டும் என்பது அவர் கட்டளை. உடற்கூறு மொழியில் சொன்னால் அந்தப் பகுதிக்கு நான்கு எல்லைகள் உண்டு: மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், முன்னும் பக்கமும் குறுக்கு வயிற்றுத் தசை, பின்னால் முதுகெலும்போடு ஒட்டிய சிறு தசைகள். குறுக்கு வயிற்றுத் தசை, இடுப்பில் வரிந்து கட்டிய துண்டைப் போல நடு உடலைச் சுற்றிப் பிடிக்கிறது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாட்ஜஸும் ரிச்சர்ட்ஸனும் 1996இல் ஒரு முக்கியமான முடிவை வெளியிட்டார்கள். நலமாக இருப்பவர் கையைத் தூக்கினால், கை அசைவதற்கு முன்பே இந்தக் குறுக்குத் தசை இறுகித் தயாராகிவிடுகிறது. நாட்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் அது தாமதமாகவே விழிக்கிறது. பிலாட்டீஸ் ஆசிரியர்களும் உடலியக்க மருத்துவர்களும் கைகோத்ததற்கு இந்த ஆய்வு பெரிய காரணம். ஒரே ஒரு தசையைத் தனியாகப் பழக்கினால் போதும் என்ற எண்ணத்தைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. நான்கு எல்லைகளும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதே இன்றைய பார்வை.

பயிற்சி: மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கிப் பாதங்களைத் தரையில் வைக்க வேண்டும். இடுப்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே வசதியான இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கே இடுப்புக்கு அடியில் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். மூச்சை விட்டபடி, சிறுநீரை அடக்குவதைப் போல அடிப்பகுதியை லேசாக மேலே இழுத்து, தொப்புளுக்குக் கீழே வயிற்றைத் தட்டையாக்க வேண்டும். முழுப் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். அந்த நிலையிலேயே ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கி, முழங்கால் இடுப்புக்கு நேர் மேலே வரும்வரை கொண்டுவந்து இறக்க வேண்டும். இடுப்பு ஆடவே கூடாது. பக்கத்துக்கு ஐந்து முறை.

3. கவனம்

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யும் பயிற்சி இதில் சேராது. எந்த எலும்பு முதலில் நகர்கிறது, எந்தப் பக்கம் பாரம் கூடுகிறது, கழுத்து வீணாக இறுகுகிறதா என்று உடம்பைக் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டும். பல ஆண்டுகள் ஒரே தோளில் சுமந்தவர்களுக்கும், பணப்பையைப் பின்பக்கப் பையில் வைத்தே லோரி ஓட்டுபவர்களுக்கும் இடுப்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் இயங்காமல் இருக்கலாம். கவனித்தால்தான் அது தெரியும்.

பயிற்சி: அதே மல்லாந்த நிலை. பாதங்கள் இடுப்பு அகலத்தில். மூச்சை விட்டபடி, முதலில் இடுப்பின் கீழ் எலும்பைச் சுருட்டி, பிறகு முதுகெலும்பின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து பெயர்த்து மேலே போக வேண்டும். தோள்பட்டை வரைக்கும் வந்ததும் நின்று மூச்சை இழுக்க வேண்டும். மறுபடி மூச்சை விட்டபடி மேல் முதுகிலிருந்து கணுக் கணுவாக இறங்க வேண்டும். முதல் வாரத்தில் பலருக்கு நடு முதுகு ஒரே பலகையாகத் தரையில் விழும். நாள்பட நாள்பட அந்த இடம் தனித்தனியாகப் பிரியத் தொடங்கும். ஆறு முறை.

4. கட்டுப்பாடு

தூக்குவதைவிட இறக்குவது கடினம். பிலாட்டீஸின் பெரும் பகுதி இறக்குவதில்தான் இருக்கிறது. வேகத்தின் விசையில் காலை வீசுவதும், முழு உடம்பையும் ஒரே உதறலில் எழுப்புவதும் இங்கே தவறு. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கினால் வலுவும் வரும், மூட்டுக்குக் காவலும் வரும். படியிறங்கும்போது முழங்காலைத் தாங்குவதும், குழந்தையைத் தொட்டிலில் கிடத்தும்போது முதுகைத் தாங்குவதும் இதே திறன்தான்.

பயிற்சி: முழங்கால் மடக்கி உட்கார்ந்து, தொடையின் பின்பக்கத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சை விட்டபடி இடுப்பைச் சுருட்டிப் பின்னால் சாய வேண்டும். கைகள் நேராக நீளும் இடத்தில் நின்று மூச்சை இழுக்க வேண்டும். மூச்சை விட்டபடி, கையால் இழுக்காமல் வயிற்றின் பலத்தால் திரும்பி வர வேண்டும். பின்னால் சாய நான்கு எண்ணிக்கை, வர நான்கு எண்ணிக்கை. ஐந்து முறை. எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும், முதுகுத் தட்டு பிதுங்கிக் கால் வரை வலி பாய்பவர்களும் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு இரண்டாவது பயிற்சியையே கூடுதலாகச் செய்யலாம்.

5. துல்லியம்

தண்டால், பஸ்கி பழகியவர்களுக்கு எண்ணிக்கையில்தான் பெருமை. ஜோசப் பிலாட்டீஸ் எண்ணிக்கையைக் குறைத்தார். அவருடைய தரைப் பயிற்சிகள் பெரும்பாலானவை பத்து முறைக்குள் முடிந்துவிடும். விதிவிலக்காகப் பெயரிலேயே நூறைச் சுமக்கும் ‘ஹண்ட்ரட்’ பயிற்சியில்கூட கைகள்தான் நூறு முறை ஏறி இறங்கும், மூச்சு பத்துச் சுற்றுதான்: ஐந்து அசைவுக்கு உள்ளே, ஐந்து அசைவுக்கு வெளியே. தப்பாகச் செய்யும் இருபதைவிடச் சரியாகச் செய்யும் ஐந்து மேல் என்பது இந்த முறையின் கணக்கு. சோர்ந்த தசை வேலையைப் பக்கத்துத் தசையிடம் தள்ளிவிடும். அந்த நொடியிலிருந்து உடம்பு பழகுவது தவறான அசைவைத்தான்.

பயிற்சி: கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி நான்கு காலில் நிற்க வேண்டும். கீழ் முதுகின் மேல் யாரையாவது ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைக்கச் சொல்லலாம். மூச்சை விட்டபடி வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்ட வேண்டும். கால் இடுப்பு உயரத்துக்கு மேல் போகக்கூடாது. கிண்ணம் உருண்டால் இடுப்பு சாய்ந்துவிட்டது. அப்போது கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் நீட்டலாம். பக்கத்துக்கு ஐந்து முறை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கிண்ணம் வைக்கும் வேலைக்குப் போட்டி வரும்.

6. ஓட்டம்

ஒரு பயிற்சி முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில் உடம்பைத் தொப்பென்று போட்டுவிடக் கூடாது. எழுவதும் திரும்புவதும் படுப்பதும் பயிற்சியின் பகுதியே. யோகாசனத்திலிருந்து பிலாட்டீஸ் பிரியும் இடங்களில் இதுவும் ஒன்று. ஆசனத்தில் ஒரு நிலைக்குப் போய் அங்கே தங்குவது முக்கியம். பிலாட்டீஸில் பெரும்பாலும் தங்குவதில்லை, மூச்சின் தாளத்தில் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டையும் பழகுவதில் ஒரு முரணும் கிடையாது.

பயிற்சி: குப்புறப் படுத்து, கைகளை நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து, மூச்சை இழுத்தபடி தலையின் உச்சியை முன்னோக்கி நீட்டி நெஞ்சை மட்டும் சிறிதளவு தூக்க வேண்டும். இடுப்பு எலும்பு தரையை விட்டு எழக்கூடாது. மூச்சை விட்டபடி இறங்கி, நிற்காமல் அப்படியே பின்னால் தள்ளிக் குதிகாலின் மேல் உட்கார்ந்து முதுகை வளைத்து இளைப்பாற வேண்டும். மறுபடி முன்னால் வந்து தொடர வேண்டும். ஐந்து சுற்று, இடையில் நிறுத்தம் இல்லாமல்.

ஜோசப் பிலாட்டீஸின் மூல வரிசையில் முன்னோக்கி வளையும் பயிற்சிகள் அதிகம். நாள் முழுக்க நிமிர்ந்து நின்ற நடனக் கலைஞர்களுக்கு அது பொருந்தியிருக்கலாம். உதிரிப்பழம் பொறுக்குபவரும், இறால் உரிப்பவரும், கணக்கு எழுதுபவரும் ஏற்கெனவே முன்னால் வளைந்தே இருக்கிறார்கள். அவர்களுக்கு முதுகை நிமிர்த்தும் இந்த ஆறாவது பயிற்சியே முக்கியம். நேரம் குறைவாக உள்ள நாளில் மற்றதை விட்டாலும் இதை விடக்கூடாது.

பாயிலிருந்து வேலைக்கு

பாயில் கற்றது வெளிக்காட்டிலும் சமையலறையிலும் நடக்கவில்லை என்றால் பயன் பாதிதான். சமையல் எரிவாயுத் தோம்பைத் தூக்குவதை எடுத்துக்கொள்ளலாம். தோம்புக்கு நெருங்கி நின்று, இடுப்பை மடித்து, முழங்காலையும் மடக்க வேண்டும். வயிற்றை லேசாக இறுக்கி மூச்சை விட்டபடி எழ வேண்டும். இறக்கும்போது எழுந்த வேகத்தைவிட மெதுவாக இறக்க வேண்டும். தூக்கிய பாரத்தோடு இடுப்பைத் திருகாமல் பாதத்தை நகர்த்தித் திரும்ப வேண்டும். இந்த நான்கு வரியில் மையம், மூச்சு, கட்டுப்பாடு, துல்லியம் நான்கும் இருக்கின்றன.

லோரி, பேருந்து ஓட்டுபவர்கள் சிவப்பு விளக்கில் நிற்கும்போது விலா மூச்சை மூன்று முறை செய்யலாம். கடையில் மணிக்கணக்கில் நிற்பவர்கள் முழங்காலைப் பின்னால் பூட்டி நிற்காமல், பாரம் இரு பாதத்திலும் சமமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். படுக்கையிலிருந்து நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுவது எல்லா வயதினருக்கும் நல்லது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு அது கட்டாயம்.

இடம், நேரம், உடை

மெங்குவாங் பாய் அழகாக இருக்கும், ஆனால் டைல்ஸ் தரையில் வழுக்கும். ரப்பர் பாய் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் மடித்த கம்பளி போதும். வெறும் சிமெண்டுத் தரையில் செய்தால் முதுகெலும்பு நோகும். கைலியும் சேலையும் காலைத் தடுக்கும். காற்சட்டையோ பஞ்சாபி உடையின் கீழ்ப்பகுதியோ ஏற்றது. கடற்கரை வட்டாரத்துப் புழுக்கத்தில் மதிய நேரம் வேண்டாம். அதிகாலையில் வேலைக்குக் கிளம்புபவர்களுக்கு மாலைக் குளியலுக்கு முன் 20 நிமிடம் வசதிப்படும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

அதே 2023ஆம் ஆண்டு ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதும், 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோடோ உடற்பருமனோடோ இருப்பதும் தெரியவந்தது. நீரிழிவுக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது. கை நடுக்கம், வேர்வை, படபடப்பு வந்தால் உடனே இனிப்பு சாப்பிட வேண்டும். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு செய்யும் முன்னும் பின்னும் பாதத்தில் காயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் மூன்று மாதத்துக்குப் பிறகு நீண்ட நேரம் மல்லாந்து படுப்பதைத் தவிர்க்க வேண்டும். பிரசவம் ஆனவர்கள் மருத்துவரோ தாதியோ சரி என்ற பிறகே தொடங்கலாம்.

சில அறிகுறிகளுக்குப் பயிற்சி மருந்தாகாது. தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் நிற்காமல் போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, கீழே விழுந்த பின் வந்த கடும் வலி ஆகியவற்றுக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனையோ பக்கத்தில் உள்ள அவசரப் பிரிவோதான் இடம். ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

ஆய்வு என்ன சொல்கிறது?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு, இடுப்பு வலிக்குப் பிலாட்டீஸ் உதவுகிறதா என்பதை 2015இல் ஆராய்ந்தது. 510 பேர் பங்கேற்ற 10 சோதனைகளை எடுத்துக்கொண்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதையும் வெறும் அறிவுரையையும் விட பிலாட்டீஸ் வலியைக் குறைக்கிறது, அன்றாட வேலையை எளிதாக்குகிறது என்று கண்டது. அதே சமயம், மற்ற உடற்பயிற்சிகளைவிட இது மேலானது என்று சொல்ல உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றும் எழுதியது. ஆகவே ‘பிலாட்டீஸ் மட்டுமே தீர்வு’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டியதில்லை.

இன்னொரு குறையும் உண்டு. மெதுவான தரைப் பயிற்சியில் இதயத்துக்குப் பெரிய வேலை கிடையாது. எடையைக் குறைக்க இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. பிலாட்டீஸ் இரண்டாவதற்கு உதவும். முதலாவதற்கு விறுவிறுப்பான நடை வேண்டும். புக்கிட் மெலாவாத்தி ஏற்றம் அதற்குப் பொருத்தமான இடம். கையில் தின்பண்டம் இல்லாமல் போனால் குரங்குகளும் தொந்தரவு செய்யாது.

ஆசிரியரிடம் போவதென்றால்

லாத்தார் விரைவுச்சாலை 2011இல் திறந்த பிறகு ஈஜோக் பக்கத்திலிருந்து கோலாலம்பூர் ஸ்டூடியோக்களுக்குப் போய்வருவது எளிதாகியிருக்கிறது. ஆனால் பலகையில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துப் பணம் கட்டக்கூடாது. பிலாட்டீஸ் என்பது யோகா, கராத்தே போன்ற பொதுப் பெயர், தனி ஒருவரின் வணிக முத்திரை அல்ல என்று நியூயார்க் கூட்டரசு நீதிமன்றம் 2000இல் தீர்ப்பளித்தது. அதனால் இந்தக் கலை உலகெங்கும் பரவியது. அதே காரணத்தால் யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் வகுப்பு நடத்தலாம் என்ற நிலையும் வந்தது.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆசிரியர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார்? முதல் வகுப்புக்கு முன் நோய், அறுவை சிகிச்சை, மருந்து விவரங்களை விசாரிக்கிறாரா? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? முப்பது பேர் வகுப்பில் ஒருவரின் இடுப்பு சாய்வதை யாரும் கவனிக்கப்போவதில்லை. இரண்டாவது கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். நாட்பட்ட வலி உள்ளவர்கள் முதலில் அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்த்து, உடலியக்க சிகிச்சைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்பதே சிக்கனமான வழி.

முதல் நான்கு வாரம்

ஜோசப் பிலாட்டீஸ் தன் வாசகர்களிடம் வாரம் நான்கு முறை, மூன்று மாதம் என்று கேட்டார். இந்த அத்தியாயம் அதைவிடக் குறைவாகக் கேட்கிறது: வாரம் மூன்று நாள், 20 நிமிடம்.

முதல் வாரத்தில் மூச்சும் மையமும் மட்டும். இரண்டாவது வாரத்தில் மூன்றாம் பயிற்சியும் ஆறாம் பயிற்சியும் சேரும். மூன்றாவது வாரத்தில் ஐந்தாம் பயிற்சியும், உடம்பு இடம் கொடுத்தால் நான்காம் பயிற்சியும் சேரும். நான்காவது வாரத்தில் ஆறையும் வரிசையாக, இடையில் எழுந்து போகாமல் செய்து முடிக்க வேண்டும். அடுத்த நாள் தசையில் இலேசான வலி இருப்பது இயல்பு. மூட்டில் குத்தல், கால் வரை பாயும் வலி, மறுநாளும் குறையாத வலி இயல்பல்ல. அப்படி வந்தால் எந்தப் பயிற்சிக்குப் பிறகு வந்தது என்று குறித்துவைத்து, அதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நான்காவது வாரக் கடைசியில் கிண்ணத்தை மறுபடி முதுகில் வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் ஐந்து முறை நீட்டியும் அது விழவில்லை என்றால் அடுத்த அத்தியாயத்தின் பயிற்சிகளுக்குப் போகலாம். விழுந்தால் இன்னும் இரண்டு வாரம் இந்த அத்தியாயத்திலேயே இருங்கள்.